அஞ்சு வெரல் கோழி

வெரல எண்ணிப் பாத்துட்டனுங்க தம்பி. அஞ்சு இருக்குது. கால்ல மயிரும் இருக்குது. கொண்டையும் அதே மாதரதான். வீடியோவுல நீங்க காட்டுன வெள்ளைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. கொற சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. இருந்தாலும் சித்த நேரம் பாத்துக்கறேன். உங்க கோழிப் பண்ணைக்கு மூணு பஸ் மாறி வந்திருக்கறேன், அவசரப்படுத்தாதீங்க.

நான் பெருமாநல்லூர்ங்க. நாச்சிமுத்து மாஸ்டர்னா அந்தப் பக்கம் தெரியும். கெடா வெட்டு, நோம்பி, காதுகுத்து, எல்லாத்துக்கும் நாந்தான் கறி விருந்து ஆக்கறது. முப்பத்தஞ்சு வருசமாச்சு. ஒரு கோழிய அறுத்து, வாட்டி, மஞ்சத் தடவி, துண்டு போட்டு சட்டியில விழுக எனக்கு எட்டு நிமிசம். பெருமைக்குச் சொல்லலீங்க. நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியோணுமில்ல, அதுக்குச் சொல்றேன்.

நீங்க இதச் சில்க்கிங்கறீங்க. எங்கூட்டுல இதே மாதர ஒண்ணு இருந்துச்சு, அது பேரு டீச்சர்ங்க. என்ற மவ வெச்ச பேரு. தலையில கொண்டை போட்டுக்கிட்டு, யாரோ பரிட்ச எழுதறாப்பல ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்குமுங்க. அதப் பாத்து வெச்சிருக்கறா. மொதல்ல எனக்குச் சிரிப்பா வந்துச்சு. கோழிக்குப் போயி டீச்சரான்னேன். அப்பறம் நானும் டீச்சருன்னேதான் கூப்பிட்டேன், என்ன பண்றது.

மவ பேரு சிவரஞ்சனிங்க. ஒரே புள்ள. அவ அம்மா தவறி ஒம்பது வருசமாச்சு. ஈரோட்டுல கட்டிக் குடுத்தேன். நல்லாத்தான் செஞ்சேன், சீருக்கு ஒரு கொறையும் வெக்கல. ஒண்ணர வருசங்க. போன தை மாசம் ஒரு மத்தியானம் ஆட்டோவுல வந்து எறங்குனா. ரெண்டு பை, ஒரு அட்டப்பொட்டி. பொட்டியில ஓட்ட போட்டிருந்துச்சு. தொறந்தா இந்தக் கோழி ஒக்காந்திருக்குது. மாப்பிள்ள வாங்கிக் குடுத்ததாமுங்க, கல்யாணமான புதுசுல. கட்டுன புருசன உட்டுட்டு வர்ற புள்ள, நகையெல்லாம் அங்கயே இருக்க, கோழியத் தூக்கிக்கிட்டு வந்திருக்கறா. அக்கம்பக்கத்துல சிரிச்சாங்க. நான் ஒண்ணும் கேக்கல. சாப்பிட்டயா சாமின்னு மட்டும் கேட்டேன்.

கேட்டிருக்கோணுமான்னு இப்ப நெனைக்கறனுங்க. நமக்கு அதெல்லாம் வராது. நமக்குத் தெரிஞ்சது ஆக்கிப் போடறது. அன்னைக்கு ராத்திரிக்கு நாட்டுக்கோழி வறுவலும் பச்சப்புளி ரசமும் வெச்சேன். நல்லா சாப்பிட்டா. அதப் பாத்து எனக்கு மனசு அடங்கிப் போச்சு.

மவ என்னோட பேசமாட்டாளுங்க. பேசமாட்டாள்னா கோவம்னு இல்ல. உப்பு இருக்குதாப்பா, வெந்நி போடட்டுமாப்பா, இந்த மாதரதான். பேசறதெல்லாம் கோழிகிட்டத்தான். பொடக்காளியில தொவைக்கற கல்லு ஒண்ணு கெடக்குது. அதுல ஒக்காந்துக்கிட்டு, அத மடியில போட்டுக்கிட்டு, மெதுவா பேசுவா. நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் அண்டா வெளக்கிக்கிட்டு இருப்பேன். ஒட்டுக் கேக்கறதில்லீங்க, காதுல விழுகும். ஈரோட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அப்பிடித் தெரிஞ்சதுதான். கொழம்புல உப்புக் கொறச்சல்னு மாப்பிள்ள தட்டத் தூக்கி வீசுனதும், சமையக்காரன் பெத்ததுக்கு சமைக்கத் தெரியலயேன்னு அவனோட அம்மா சிரிச்சதும், அப்பறம் அவன் கை நீட்டுனதும். எல்லாம் கோழிகிட்டச் சொன்னதுங்க. கோழி கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கும். நான் அண்டாவத் தேச்சுக்கிட்டு இருப்பேன்.

தெரிஞ்சு நான் என்ன செஞ்சன்னு கேக்கறீங்களா? விடிஞ்சு மக்யா நாளு குடல் கொழம்பு வெச்சனுங்க. அவளுக்குப் புடிக்கும்.

ஆடியில அது அடைக்கு ஒக்காந்துருச்சு. உங்களுக்குச் சொல்லோணுமா, இந்தச் சாதி எப்பப் பாத்தாலும் அடைக்குத்தான் ஒக்காரும்போல. முட்டையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. சாணிக் கூடைக்குள்ள வெறும் வெக்கப்புல்லு மேல ஒக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. தீனி தின்னறதில்ல, தண்ணி குடிக்கறதில்ல. நம்ம பக்கத்துல என்ன செய்வோம், தண்ணியில ரெண்டு முக்கு முக்கிப் போடுவோம். அதுக்கும் தெளியலைன்னா ஒரு எறகப் புடுங்கி மூக்குல கோத்து உடுவோம். எறகு உறுத்த உறுத்த அத எடுக்கறதுலயே நெனப்புப் போயி அடை மறந்துரும். எங்கம்மா காலத்துலருந்து அப்பிடித்தான்.

பக்கெட்டுல முக்கி எடுத்தனுங்க. எடுத்தவன் அப்பிடியே நின்னுட்டேன். மயிரெல்லாம் ஒட்டிக்கிட்டு உள்ள தோலு தெரியுது. கரின்னா கரி, தாருச்சட்டி கணக்கா. வெள்ளக் கோழிக்குள்ள இப்பிடியொரு கருப்பான்னு பாத்துக்கிட்டே இருக்கறேன். அதுக்குள்ள இவ வந்துட்டா. என்ற கையிலருந்து வாங்கித் துண்டுல சுத்தி, தலைக்கு அடிக்கற மிசின எடுத்தாந்து காய வெச்சா. அர மணி நேரம் ஆச்சு. நான் எறகும் கையுமா நின்னேன், மூக்குல கோக்கறதுக்கு. வேண்டாம்ப்பான்னா. ஒக்காந்திருக்கட்டும், உட்டுருங்கன்னா. ஒண்ணுமேயில்லாம எத்தன நாளைக்கு சாமி ஒக்காந்திருக்கும்னேன். அது இஷ்டம்ப்பா, எந்திரிக்கோணும்னு தோணறப்ப எந்திரிச்சுக்கும்னா. அன்னைக்கு அவ கொஞ்சம் எச்சாப் பேசுனா, அதனால ஞாபகம் இருக்குது. எறகத் தூக்கிப் போட்டுட்டு நான் வேலையப் பாக்கப் போயிட்டேன்.

அப்பறம்தான் இவளுக்குக் காய்ச்சல் வந்துச்சுங்க. டெங்குன்னாங்க. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா. ஊட்டுக்குக் கூட்டியாந்தா நிக்க மாட்டேங்கறா. தலைமுடி கையோட வருது. சோத்தக் கண்டா ஓங்கரிக்கறா. நல்லா ஆகாரம் குடுங்கன்னு டாக்டர் சொல்லி உட்டாரு. என்ற கிட்டப் போயிச் சொல்றாரு பாருங்க, ஆகாரம் குடுன்னு. ஆட்டுக்கால் வெச்சேன், நண்டு ரசம் வெச்சேன், காடை வெச்சேன். மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கறா. ஒரு நாளு குளிக்கப் போனவ கதவுக்குள்ளயே உழுந்துட்டா. தாப்பாள ஒடச்சுத் தூக்குனேன். கனமே இல்லீங்க.

கருங்கோழி குடுத்தா ரத்தம் ஊறும்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியுமுங்க. பெரிய எடத்துல புள்ள பெத்தவங்களுக்குன்னு சொல்லி வெச்சு வாங்கியாந்து எங்கிட்டக் குடுப்பாங்க. சூப்பு வெச்சுக் குடுப்பேன். அதுக்கு அலைஞ்சனுங்க. ரெண்டு நாளு. அவிநாசி போனேன், கோபி வரைக்கும் ஆள் உட்டேன். வெள்ளிக்கெழம வரும்னாங்க. அன்னைக்குச் செவ்வா. வெள்ளிக்கெழம வரைக்கும் இவ தாங்குவாளான்னு எனக்கு ஒரே பயம்.

ஊட்டுக்கு வந்து பொடக்காளியில கை கழுவறேன். கூடைக்குள்ள அது ஒக்காந்திருக்குது. எளைச்சுப் போயி. அது அடைக்கு ஒக்காந்து இருவது நாளுக்கு மேல ஆச்சு. இவ படுத்துக்கிட்டதுனால தீனி காட்டக்கூட ஆளில்ல. எப்பிடியும் செத்துப் போயிரும்னு தோணுச்சுங்க. அதும் கருந்தோலுதானன்னு தோணுச்சு.

நீங்க அப்பிடிப் பாக்காதீங்க தம்பி. சொல்லி முடிச்சர்றேன்.

கெடா வெட்டுல நான் பாக்காத அழுகையாங்க. சாமிக்கு நேந்து உட்ட கெடாய அந்த ஊட்டுக் கொழந்தைங்கதான் மேய்க்கும். பேரு வெச்சு, பொட்டு வெச்சு, கூடவே படுத்துத் தூங்கும். வெட்டற அன்னைக்கு மண்ணுல பொரண்டு அழுகும். பந்தி போட்டதும் மூஞ்சியக் கழுவிக்கிட்டு வந்து எலையில ஒக்காந்து, நெஞ்செலும்பு வெய்யிங்க மாமான்னு எங்கிட்டயே கேக்கும். ஒண்ணு ரெண்டு இல்லீங்க, நூறு தடவ பாத்திருக்கறேன். அழுகாச்சி ஒரு நாளு. அப்பறம் சரியாப் போயிரும். வளத்தறது அதுக்குத்தான்னு புள்ளைங்களுக்கே தெரியும். நான் அதைத்தான் நெனச்சேன். இவளும் ஒரு நாளு அழுவா, ஒடம்பு தேறிரும், அப்பறம் வேற ஒண்ணு வாங்கிக் குடுத்தாப் போச்சுன்னு.

மொளகு, சீரகம், சின்ன வெங்காயம். வேற ஒண்ணும் போடல. அம்மியில தட்டிப் போட்டு, வெறகடுப்புல மூணு மணி நேரம் வேக உட்டேன். மொளகாயே காட்டல. முப்பத்தஞ்சு வருசத்துல அப்பிடியொரு சூப்பு நான் வெச்சதில்லீங்க. ஒரு டம்ளர்ல ஊத்திக் கொண்டுபோயிக் குடுத்தேன். என்ன சூப்புப்பான்னா. கருங்கோழி சாமி, குடின்னேன். குடிச்சா. கீழ வெக்காமக் குடிச்சா. இன்னும் இருக்குதாப்பான்னு கேட்டா. பத்து நாளா வாயில ஒண்ணும் வெக்காத புள்ள, இன்னும் இருக்குதான்னு கேக்கறா. நான் சமையக்கட்டுக்கு ஓடுனேன். ரெண்டாவது டம்ளரையும் குடிச்சுட்டு, நல்லா இருக்குதுப்பான்னா. அந்த நிமிசம் எனக்கு இருந்த சந்தோசம், சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க.

டம்ளரக் குடுத்துட்டு, டீச்சர் எங்கப்பான்னா. கூடையில ஒக்காந்திருக்குதுன்னேன். காலையில வரைக்கும் அங்கதான ஒக்காந்திருந்துச்சு.

சாயங்காலம் நான் மளிகைக்குப் போயிட்டு வர்றேன். இவ எந்திரிச்சு வந்து சமையக்கட்டுல நிக்கறா. தானா நடந்து வந்திருக்கறா, அதுவே எனக்குப் பெருசு. சூப்பு சூடு பண்ண வந்தாளாமாம். கரண்டி கையில இருக்குது. கரண்டியில கோழிக்காலு. கால நான் எப்பவும் சூப்புலயே போட்டுருவனுங்க, அதுலதான் சத்து. நான் எத்தன ஆயரம் காலு வெட்டியிருப்பேன், மத்த கோழிக்கெல்லாம் நாலுதான், அந்தக் கோழிக்கு வெரலு அஞ்சுன்னு நான் பாக்கவேயில்லீங்க. அவ பாத்துட்டா. எண்ணிக்கிட்டு நிக்கறா. அஞ்சு வெரல்ப்பான்னா. கரண்டிய மெதுவா சட்டிக்குள்ளயே வெச்சுட்டு, அடுப்ப அணைச்சுட்டு, ரூமுக்குப் போயிட்டா.

அழுவான்னு பாத்தேன். அழுகல. வாந்தி எடுப்பான்னு வாளியக் கொண்டுபோயி வெச்சேன். அதும் இல்ல. ஒடம்புல நின்னுக்கிச்சு. உங்களுக்கு ஒண்ணு சொல்றனுங்க, மக்யா நாளுலருந்து அவளுக்குத் தெம்பு வந்துருச்சு. நெசமாலும் வந்துருச்சு. தானா எந்திரிச்சுக் குளிச்சா. தானா ஒரு சின்னக் குண்டாவுல கஞ்சி வெச்சா. அவளுக்கு மட்டும். நான் ஆக்குனதத் தொடல.

அன்னைலருந்து அப்பிடித்தானுங்க. நான் ஆக்கிக் கொண்டுபோயி வெப்பேன். வெச்சிருங்கப்பாங்கறா. வெச்சது வெச்ச எடத்துல இருக்கும். அவ குண்டா தனி, அவ தட்டம் தனி. சண்ட கெடையாது, சாட கெடையாது. திட்டுனாத் தேவலை. மூஞ்சியில கரியப் பூசுனாலும் தொடச்சுக்கிட்டுப் போயிருவேன். ஊரே உண்ட கை தம்பி இது. என்ற ஊட்டுல ஒரு வாய்க்கு ஆவுல.

பொடக்காளிப் பக்கம் அவ போறதில்ல. அதனால எனக்குச் சேதியும் ஒண்ணும் வர்றதில்ல. அவ மனசுல என்ன ஓடுதுன்னு அந்தக் கோழி இருந்த வரைக்கும் தெரிஞ்சுது. இப்ப அண்டாவ வெளக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கறேன், செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல.

போன வாரம் சேவூர்ல ஒரு காதுகுத்து. நானூறு எலை. கொழம்ப எறக்கறதுக்கு முன்னாடி நாக்குல வெச்சுப் பாக்கறேன், உப்பு தெரியல. மறுக்காவும் வெச்சுப் பாக்கறேன். வெந்நியக் குடிச்சாப்பலத்தான் இருக்குது. காய்ச்சலும் இல்ல, சளியும் இல்ல. என்றகூட வேல செய்யற மயில்சாமியக் கூப்புட்டு, நீ பாருடான்னேன். சரியா இருக்குதுங்க மாஸ்டருன்னான். சனம் சாப்புட்டுட்டு நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுச்சு. நான் கேட்டுக்கிட்டேன். எனக்கு ஒண்ணும் தோணலீங்க. சந்தோசமும் இல்ல, துக்கமும் இல்ல. பாத்தரத்தக் கழுவிக் கமுத்திட்டு வந்துட்டேன்.

கோழிக்கா இத்தனையும்னு மயில்சாமி கேக்கறான். எனக்கும் அதான் புரியலீங்க. புருசன் அடிச்சும் அவன் ஊட்டுச் சோத்த ஒண்ணர வருசம் தின்னுருக்கறா. நான் அவளப் பொழைக்க வெக்கறதுக்குச் செஞ்சேன். எனக்கு எதுக்குங்க இந்தத் தண்டன.

நேத்து காலையில அவளா வந்து பேசுனாளுங்க. இருவத்திரெண்டு நாளைக்கு அப்பறம். நான் வாசல்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். வந்து கதவு நெலவுகிட்ட நின்னா. அப்பான்னா. என்ன சாமின்னேன். எனக்கு அப்பவே கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு, வெங்காயத்துக்குன்னு வெச்சுக்குங்க. ஒண்ணு கேக்கட்டுமான்னா. கேளு சாமின்னேன்.

அது கத்துச்சாப்பா, அப்பிடின்னா.

எனக்கு நெஞ்சு லேசாப் போச்சுங்க. இதத்தான் உள்ள வெச்சுக்கிட்டு இத்தன நாளா மருகுனாளா, மொதல்லயே கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனேன்னு. இதுல நான் பொய் சொல்ல வேண்டியதுமில்ல. இல்ல சாமி, கத்தவேயில்லன்னேன். சத்தியமாக் கத்தல. மத்த கோழின்னா காலப் புடிச்சதும் ஊரக் கூட்டும், றெக்கைய அடிச்சுப் பொரட்டும். இது ஒண்ணும் பண்ணல. நீ பழக்கி வெச்சிருந்தயில்ல, கூடையிலருந்து எடுத்ததும் என்ற நெஞ்சோட ஒண்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிச்சு, நீ எடுக்கறன்னு நெனச்சுக்கிச்சோ என்னமோ, கடைசி வரைக்கும் தொறக்கவேயில்லன்னேன். அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு ஒண்ணு உடாம எல்லாத்தையும் சொன்னேன்.

தலைய ஆட்டுனா. சரிங்கப்பான்னா. உள்ள போயி செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. நேத்து அவ குண்டாவும் அடுப்புல ஏறல. ராத்திரியும் இல்ல. இன்னைக்குக் காலையில பாக்கறேன், பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. படுத்தது படுத்தபடியே கெடக்கறா. அதுக்கு மேல நான் அவகிட்ட என்ன சொல்லியிருக்கோணும், நீங்க சொல்லுங்க. மொத பஸ்ஸப் புடிச்சு உங்ககிட்ட வந்துட்டேன். ஒரு கோழியக் கொண்டுபோயி அவ முன்னாடி உட்டா எந்திரிச்சு ஒக்காருவாளான்னு.

குடுங்க, கையில வெச்சுப் பாக்கறேன்.

ஆமாங்க. சாதுதான். பாருங்க, புது ஆளுன்னுகூட இல்ல, என்ற நெஞ்சுல ஒண்டிக்குது. கண்ண மூடுது பாருங்க.

இது வேண்டாங்க தம்பி. வாங்கிக்குங்க. சீக்கிரம் வாங்கிக்குங்க.

அந்தக் கடைசிக் கூண்டுல ஒண்ணு இருக்குதே, கருப்புல வெள்ளக் கோடு போட்டது, அது என்னங்க சாதி? பேரு என்னமோ இருந்துட்டுப் போகுது. ஆளு கிட்டப் போனாலே அலறுதே. கொத்துமா? கொத்தட்டும். இல்லீங்க, மடியில வந்து ஒக்காராதுன்னு எனக்கே தெரியுது. பழகாதுன்னா பழக வேண்டாம். அதையே புடிச்சுக் குடுங்க. அவ எடுத்தாலும் கத்தோணும், நான் எடுத்தா இன்னும் எச்சாக் கத்தோணுமுங்க.